விளக்கேற்றாத புத்தாண்டு: ரானுயியில் ஒரு பாலி வீட்டுக்குக் காவல் இருந்தேன்

பாலித் தீவில் கால் வைக்காமலே பாலிக்காரர்களின் புத்தாண்டைப் பார்த்தவள் நான். பார்த்தது ஆக்லாந்தில், தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மார்ச் மாதக் கடைசியில். போன வாரம் என் மகளின் சிநேகிதி ஒருத்தி, "நியெபி அன்னிக்குப் போய் இறங்குற மாதிரி டிக்கெட் போட்டுட்டோம் ஆன்ட்டி, ஓட்டலை விட்டே வெளிய விட மாட்டாங்களாமே" என்று கவலைப்பட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் படித்தது ஈப்போ பக்கத்துத் தோட்டப் பள்ளியில், ஐந்தாம் வகுப்பு வரை. எழுத்துப் பிழையைப் பேத்தி பார்த்துக்கொள்வாள். விஷயத்தில் அவள் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அப்போது நான் ஆக்லாந்தின் தென்கோடியில் பாபகூராவில் மகன் சேகர் வீட்டில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவொண்டேல் சந்தையில் கறிவேப்பிலை கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கடையில் ஒரு பெண் குருத்துத் தென்னை ஓலை கேட்டுக்கொண்டிருந்தாள். கடைக்காரருக்குப் புரியவில்லை. அவள் சலித்துக்கொண்டு மலாயில் ஏதோ முணுமுணுத்தாள். நான் சும்மா இருப்பேனா? "இந்த ஊருக்குத் தேங்காயே உரிச்சுதான் வருது, ஓலைக்கு எங்க போறது?" என்று மலாயில் கேட்டேன். அவள் திரும்பி என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. அவர்கள் பேசும் இந்தோனேசியாவும் எங்கள் மலாயும் முக்கால்வாசி ஒன்றுதான்.

அவள் பெயர் மடே. பாலியில் இரண்டாவதாகப் பிறந்தால் மடே, மூத்ததாகப் பிறந்தால் புத்து அல்லது வயான், இப்படி வரிசைப்படி பெயர் வைக்கிறார்கள். பெயர் வைக்கிற சண்டை மிச்சம். மடேயின் ஒரே மகள் புத்து, ஒன்பது வயது. கணவர் வெள்ளைக்காரர், தச்சு வேலை. நான் அங்கே போயிருந்த வாரம் அவருக்குத் தெற்கே எங்கோ வேலை, வீட்டில் இல்லை.

சந்தையில் பழகி இரண்டு மாதம் ஆனபிறகு மடே என்னைப் புத்தாண்டுக்கு அழைத்தாள். அழைத்த காரணத்தையும் மறைக்காமல் சொன்னாள். நியெபி என்பது மார்ச் மாத அமாவாசைக்கு மறுநாள். அன்று காலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஆறு வரை நெருப்பு மூட்டக் கூடாது, விளக்குப் போடக் கூடாது, வேலை செய்யக் கூடாது, வெளியே போகக் கூடாது, கேளிக்கை கூடாது. நேர்ந்துகொள்கிறவர்கள் சாப்பிடாமலும் பேசாமலும் இருப்பார்கள். இந்த ஊருக்கு வந்த நாளாக அவளால் ஒரு முறைகூட முழு நாள் இருக்க முடிந்ததில்லை.

"ஒரு வருஷம் போன் வந்துச்சு, எடுத்துட்டேன். ஒரு வருஷம் வேலைல லீவு கிடைக்கல. இந்த வருஷம் சனிக்கிழமை வருது இபு. வாய் திறக்காம இருக்கப் போறேன். புத்துவும் என்கூட இருக்கணும். இப்ப இல்லைன்னா அவ பெரியவளாயிடுவா, அப்புறம் என் நாள் என்னோடயே போயிடும்." இபு என்றால் அம்மா.

"நான் வந்து என்ன செய்யறது?"

"எங்க ஊர்ல அன்னிக்குத் தெருவுக்குக் காவல் இருப்பாங்க. யாரும் வெளிய வராம பாத்துக்குவாங்க. நீங்க என் காவல். கதவு தட்டினா நீங்கதான் பேசணும்."

எனக்கு இந்த உத்தியோகம் பிடித்துவிட்டது.

சேகர் கேட்டதும் குதித்தான். "ஒத்தையிலயா? ரெண்டு ரயில் மாறணும்மா. நான் காடியில கொண்டு விடறேன்லா."

"கோலாலம்பூர் ஸ்டேஷன்ல உன்னையும் உன் தங்கச்சியையும் ரெண்டு பெட்டியையும் இழுத்துக்கிட்டு மாறினவ நான்" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பாபகூராவில் ஏறினேன். ஆஸ்திரேலியாவில் ஓடித் தேய்ந்து இங்கே வந்த டீசல் ரயில். டிக்கெட்டை உள்ளேயே கார்டு வந்து கொடுப்பார். நியூமார்க்கெட்டில் இறங்கி, மேற்கே போகிற ரயிலுக்கு அரை மணிக்குமேல் காத்திருந்தேன். இரண்டு ரயிலும் சேர்த்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். டிக்கெட்டுக்குப் பத்து டாலருக்குள் முடிந்தது. இரண்டாவது ரயிலின் கார்டு என் பையை எட்டிப் பார்த்து, "என்ன இது, தங்கமா?" என்றார். உள்ளே பித்தளைக் குத்துவிளக்கு. புத்தாண்டு வீட்டுக்கு வெறுங்கையோடு போவது எப்படி? முறுக்கும் ஒரு டின் இருந்தது. அவருக்கு இரண்டு கொடுத்தேன். ரானுயி வந்ததும் அவரே பையை இறக்கி வைத்தார். ஸ்டேஷனிலிருந்து மடே வீடு பத்து நிமிட நடை. மரப்பலகை வீடு, முன்னால் புல்வெளி, பக்கத்தில் எலுமிச்சை மரம்.

குத்துவிளக்கைப் பார்த்ததும் மடே வாயில் கை வைத்துச் சிரித்தாள். "நாளைக்கு விளக்கு ஏத்தக் கூடாது இபு!"

"சாமி விளக்குமா?"

"எந்த விளக்கும்."

"வருஷம் பிறக்கிற அன்னிக்கு வீட்டை இருட்டா போட்டா லட்சுமி எப்படி வருவா?"

"லட்சுமி வேற நாளைக்கு வரட்டும். நாளைக்கு பூதம் வரும்."

அவர்கள் பூதகால என்கிறார்கள். பூதம் நமக்கும் தெரிந்ததுதான். முதல் நாள் மாலை பெரிய சத்தம் போட்டுப் பூதங்களை எழுப்பித் துரத்துவார்கள். மறுநாள் அவை மேலே பறந்து வந்து பார்த்தால் கீழே வெளிச்சம் இல்லை, ஆள் இல்லை, சத்தம் இல்லை. இங்கே யாரும் குடியிருக்கவில்லை போல என்று நினைத்துப் போய்விடுமாம். எனக்கு இது மிகவும் பிடித்தது. நாம் பூதத்தை விளக்கேற்றி விரட்டுகிறோம், இவர்கள் ஏமாற்றி அனுப்புகிறார்கள். இன்னொரு ஆச்சரியமும் இருந்தது. அவர்கள் வருஷக் கணக்குக்குச் சக என்று பெயர். எங்கள் பஞ்சாங்கத்தின் முதல் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்களே, அதே சக வருஷம். அத்தனை வருஷம் பஞ்சாங்கம் வாங்கியும் அந்த வரியை நான் ஒரு நாளும் படித்ததில்லை.

மதியம் முழுவதும் படையல் தட்டு முடைந்தோம். ஊரில் தென்னங்குருத்தில் செய்வது. இங்கே சாலையோரம் தாழை மடல் மாதிரி வளர்கிற ஃபிளாக்ஸ் இலையைக் கிழித்து, உள்ளங்கை அளவு தட்டாக மடித்து, பூவும் ஒரு சிட்டிகை சோறும் வைத்தோம். புத்து பள்ளி விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு அட்டைப் பெட்டியில் ஒரு பூதம் செய்தாள். அதற்கு ஓகோ-ஓகோ என்று பெயர். முட்டை அட்டையில் கண், ஃபிளாக்ஸ் நாரில் தலைமுடி. அம்மா பாலி மொழியில் கேட்பாள், மகள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், எனக்குப் புதிதில்லை.

வேலைக்கு நடுவில் புத்து நிமிராமலே பள்ளிச் சிநேகிதியைப் பற்றிச் சொன்னாள். "நாளைக்கு ஒரு மணிக்கு ஜெஸ்ஸோட அம்மா வருவாங்க. ஜெஸ்ஸுக்குப் பிறந்தநாள், நீச்சல் குளத்துல பார்ட்டி. நான் வரேன்னு சொல்லிட்டேன்."

மடேயின் கை நின்றது. "நாளைக்குன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். ஆனா சொல்லிட்டேன்."

புத்து பூதத்துக்குப் பல் ஒட்டப் போய்விட்டாள். நான் மெதுவாக, "காவல்காரி நான் எதுக்கு இருக்கேன்? கதவைத் தாழ் போட்டுடறேன். ரெண்டு மணி நேரம் அழுவா, அப்புறம் தூங்கிடுவா" என்றேன். என் பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தேன், ஒன்றும் குறைந்துபோகவில்லை.

"பூட்டினா வீடுதான் நோன்பு இருக்கும் இபு. பிள்ளை இருக்காது" என்றாள் மடே. மறுபடி இலையைக் கிழிக்கத் தொடங்கினாள்.

பொழுது சாயும் நேரத்தில் சத்தம் தொடங்கியது. மடே ஒரு வாணலி, நான் ஒரு குண்டான், புத்து இரண்டு மூடி. வீட்டைச் சுற்றி அடித்துக்கொண்டே வந்தோம். பிறகு தெரு முனைக்குப் பூதத்தைத் தூக்கிப் போய் மூன்று சுற்றுச் சுற்றினோம். இவ்வளவு சத்தம் போட்டால் கவுன்சிலிலிருந்து ஆள் வருமோ என்று எனக்கு உள்ளூரப் பயம். வந்தது பக்கத்து வீட்டு சியோனே. டோங்காத் தீவுக்காரர், நல்ல உயரம்.

"யாருக்குக் கல்யாணம்?" என்றார்.

புத்து இங்கிலீஷில் கடகடவென்று விளக்கினாள். நாளைக்கு வேலை இல்லை, வெளியே போகக் கூடாது, நெருப்பு இல்லை, விளையாட்டு இல்லை. அவர் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வருஷத்துக்கு ஒரே ஒரு நாளா? எங்க ஊர்ல ஒவ்வொரு ஞாயிறும் ஏறக்குறைய இதேதான். லேசான சாமி உங்களுக்கு." உள்ளே போய் ஒரு பெரிய தட்டை எடுத்துவந்து அவரும் அடித்தார். சத்தம் என்றால் அது சத்தம். மறுநாள் காலையில் புல் வெட்டவிருந்ததை அடுத்த சனிக்கு வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். பூதத்தைப் பின்கட்டில் இறைச்சி சுடும் இரும்புத் தொட்டியில் போட்டுக் கொளுத்தினோம். போன் ஒயரைப் பிடுங்கினோம். தெருவிளக்கு உள்ளே விழாமல் சன்னலுக்குப் போர்வை கட்டினோம்.

காலையில் ஆறு மணியிலிருந்து மடே பேசவில்லை, சாப்பிடவில்லை. வெள்ளைப் புடவை மாதிரி ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு கூடத்தில் பாயில் உட்கார்ந்துவிட்டாள். நான் மாத்திரை போடுகிறவள், பிள்ளைக்கும் கட்டாயம் இல்லை. எங்கள் இருவருக்கும் முதல் நாளே ஆக்கி வைத்த மஞ்சள் சோறு இருந்தது. புத்து நன்றாகவே சாப்பிட்டாள். பிறகு மல்லாந்து படுத்தாள், குப்புறப் படுத்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள். எனக்கும் கை சும்மா இருக்க மறுத்தது. பூண்டு உரிக்கலாம் என்று எடுத்தேன், மடே எழுந்து வந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வேலை செய்யாமல் உட்காருவது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றுதான் தெரிந்தது. சுவரில் பலகைகளை எண்ணினேன். எலுமிச்சை மரத்துக்குக் குருவி வந்து போவதைக் கேட்டேன். மணி பத்துதான் ஆகியிருந்தது.

ஒரு மணிக்குக் கார் வந்து நின்று ஒரு முறை ஹாரன் அடித்தது. புத்து துண்டையும் பரிசுப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு கதவருகே வந்தாள். கதவுக்கு முன்னால் நான் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், நான் மடேயைப் பார்த்தேன். மடேயால் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அவள் எழுந்து வந்தாள், மகளின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள், பிறகு தாழ்ப்பாளைக் காட்டித் திற என்று எனக்குச் சைகை செய்தாள்.

திறந்தேன். மனம் இல்லாமல்தான் திறந்தேன். கார் போய்விட்டது.

அந்தப் பிற்பகலை நான் மறக்கவில்லை. மடே பாயில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புத்து படுத்திருந்த இடத்தில் தலையணை கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை, பார்க்காமலும் இல்லை. ஆறுதல் சொல்லலாம் என்றால் நான் பேசி அவள் பதில் சொல்ல முடியாமல் தவிப்பது கொடுமை. அதனால் நானும் சும்மா இருந்தேன். காவல் இருக்க வந்தவள், காக்க வேண்டியதைக் கதவு திறந்து வழியனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேனே என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் ஜெஸ்ஸின் அம்மா டெப், பக்கத்தில் புத்து. டெப்பின் முகம் வெளுத்திருந்தது.

"போன் அடிச்சு அடிச்சுப் பாத்தேன். ஏன் இருட்டா இருக்கு? கரண்ட் போயிடுச்சா?"

"கரண்ட் இருக்கு. நியூ இயர்" என்றேன், என் இங்கிலீஷில்.

"மார்ச் மாசத்துலயா?"

"ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாசம். எங்களுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு."

அவளுக்கு அது ஏறவில்லை. "இவளுக்கு உடம்பு சரியில்லை போல. தண்ணில இறங்கவே இல்ல. கேக்கைத் தொடல. நாலு மணி நேரமா ஒரு வார்த்தை பேசல. என்மேல கோவமான்னு கேட்டு ஜெஸ் அழுதுட்டா. காய்ச்சலான்னு தொட்டுப் பாத்தேன், அதுவும் இல்ல. எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டறா."

நான் புத்துவைப் பார்த்தேன். துண்டு காலையில் மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது. தலைமுடி உலர்ந்திருந்தது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.

மடே எனக்குப் பின்னால் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். திரும்பிப் பார்த்தேன். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். கண் வழிந்துகொண்டிருந்தது.

டெப் அவளைப் பார்த்து இன்னும் பயந்துபோனாள். "உங்களுக்கும் ஒண்ணும் இல்லையே?"

மடே தலையை ஆட்டினாள்.

"காலைல ஆறு மணிக்கு ரெண்டு பேரும் பேசுவாங்க. இன்னிக்கு இந்த வீட்டுக்கு நான்தான் வாய்" என்று டெப்பிடம் சொன்னேன். "பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. ஜெஸ்கிட்ட சொல்லுங்க, கோவம் இல்ல, நோன்பு." நோன்புக்கு இங்கிலீஷ் வார்த்தை அப்போது எனக்கு வரவில்லை. கையை நெஞ்சில் வைத்துக் காட்டினேன். டெப் கொஞ்ச நேரம் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னைப் போலவே நெஞ்சில் கை வைத்துவிட்டு, கார் கதவைக்கூட மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள்.

புத்து போய்ப் பாயில் படுத்தாள். மடே தலையணையை அவள் தலைக்குக் கீழே தள்ளினாள். இருட்டு முழுதாக வந்தபோது மூன்று பேரும் அப்படியே கிடந்தோம். எங்கள் ஊரில் விளக்கு வைக்கிற நேரம். எனக்கு விளக்கு நினைவு வரவே இல்லை என்பதை மறுநாள்தான் கவனித்தேன்.

இதுபோல் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பாலிக்கே போனாலும் சரி, உங்கள் ஊர்ப் பாலி வீட்டுக்குப் போனாலும் சரி, முந்தின நாள் மாலைச் சத்தத்துக்குக் கட்டாயம் போய்ச் சேருங்கள், அதைப் பார்க்காமல் மறுநாள் அமைதி புரியாது. சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் சமைத்த சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், நோயாளிக்கும் குழந்தைக்கும் நோன்பு இல்லை. புத்தகம், ரேடியோ கொண்டுபோகாதீர்கள், சும்மா இருந்துதான் பாருங்களேன். அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பிள்ளைகளின் சிநேகிதர் வீட்டிலும் சொல்லுங்கள், பாவம் டெப். பரிசாக விளக்கு வேண்டாம், பழம் போதும். அந்தக் காலத்தில் ஆக்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை ரயில் ஓடாது, அதை விசாரிக்காமல் போய் நான் மாட்டிக்கொண்டேன். சேகர்தான் காடி எடுத்துவந்தான், வழியெல்லாம் பேச்சும் கேட்டேன்.

அந்த ஞாயிறு காலையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. அதை நெருப்பைத் திரும்ப மூட்டுகிற நாள் என்கிறார்கள். ஆறு மணி ஆனதும் முதலில் பேசியது புத்து. "அம்மா, பசி உயிர் போகுது!"

மடே சிரித்தாள். ஒரு நாள் மூடியிருந்த தொண்டை, குரல் கரகரத்தது. "ஏன் புத்து அப்படி இருந்தே? நான் சொல்லவே இல்லையே."

புத்து தோளைக் குலுக்கினாள். "பார்ட்டிக்கு வரேன்னுதான் ஜெஸ்கிட்ட சொன்னேன். நீந்தறேன்னு சொல்லல, சாப்பிடறேன்னு சொல்லல." சொல்லிவிட்டு வாழைப்பழத்தை உரித்தாள். அதில் பெரிய விஷயம் இருப்பதாக அவளுக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை.

அந்த வீட்டு அடுப்பு மின்சாரம், கெட்டிலும் மின்சாரம். காப்பி குடித்த பிறகும் நெருப்பு என்று ஒன்று மூட்டியாகவில்லை. மடே படையல் தட்டையும் பத்தியையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது டெப்பின் கார் வந்தது. ஜெஸ் இறங்கி ஓடிவந்தாள். கையில் தட்டு, அதில் எடுத்து வைத்த ஒரு துண்டு கேக், நடுவில் செருகிய ஒரே ஒரு சிவப்பு மெழுகுவர்த்தி.

"இப்பப் பேசலாமா?" என்றாள் ஜெஸ்.

"பேசலாம்" என்றாள் புத்து. அப்புறம் இரண்டும் ஒரே நேரத்தில் பேசியதில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

மடே தீக்குச்சியைக் கிழித்தாள். அந்த வருஷத்தின் முதல் நெருப்பை அவள் படையலுக்குக் கொண்டுபோகவில்லை, கேக்கில் இருந்த மெழுகுவர்த்திக்குக் கொண்டுபோனாள். புத்து ஊதுவதற்குக் கன்னத்தை உப்பினாள். "பொறு" என்று மடே அவள் தோளைப் பிடித்தாள். கையிலிருந்த பத்தியை மெழுகுவர்த்திச் சுடரில் நீட்டினாள். அது பற்றிப் புகை எழும்பும் வரை நாங்கள் எல்லோரும், டெப்கூட, மூச்சுவிடாமல் நின்றோம்.

"இப்ப ஊது" என்றாள்.